தோப்பு மாருதி 800: ஏழாவது செல்லின் பாசிட்டிவ் முனை மட்டும் கொதிக்குது. செல் போச்சா, இணைப்பு போச்சா?

#1 · தோப்பு800 · ஞாயிறு இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கமுங்க. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வெச்சிருக்கேன். அப்பா 1998ல வாங்கின மாருதி 800. எஞ்சின் கைவிட்டதும் காயலான் கடைக்கு எடை போட மனசு வரலீங்க. எஞ்சினை எறக்கிட்டு, பழைய கியர்பாக்ஸை அப்படியே வெச்சு, 72 வோல்ட் மோட்டார் ஏத்தினேன். லேத்துல அடாப்டர் தட்டு கடைஞ்சு குடுத்தது என் மச்சான். வண்டி தோப்புக்குள்ள மட்டும்தான் ஓடும். கிணத்துமேட்டுல இருந்து களத்துக்குக் காய் ஏத்திட்டுப் போகும், உர மூட்டை கொண்டாரும். ரோட்டுக்கு எறக்கறதில்ல.

பேட்டரி: எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பிரிஸ்மாட்டிக், அதாவது பெட்டி வடிவச் செல், 100 ஆம்பியர் ஹவர், 24 செல் வரிசையா. முன்னாடி பானெட்டுக்குள்ள 12, பின்சீட்டுக்குப் பின்னாடி 12. ரெண்டு முனையும் அலுமினியம், எம்6 மரை. செல்லுக்குச் செல் இணைக்கற பஸ்பார் 2 மில்லிமீட்டர் தாமிரப் பட்டை, நானே வெட்டித் துளை போட்டது. மோட்டாரை ஓட்டற கன்ட்ரோலர் பேட்டரி பக்கம் அதிகபட்சம் 200 ஆம்பியர் இழுக்கும்.

பிரச்சினை இதுதானுங்க. எட்டு மாசம் நல்லா ஓடுச்சு. போன மாசம் பி.எம்.எஸ். பெட்டியை (ஒவ்வொரு செல் வோல்ட்டையும் கண்காணிக்கறது) இடம் மாத்தினேன். அதுக்கப்புறம் மூணு வாரமா, மேட்டுல ரெண்டு மூணு நடை போயிட்டு வந்தா பானெட்டுக்குள்ள பிளாஸ்டிக் தீயற வாசம். தேடிப் பாத்தா ஏழாவது செல்லோட பாசிட்டிவ் முனை. பக்கத்துல இருக்கற சிவப்பு மூடி உருகி நெளிஞ்சிருக்கு. விரல் வெச்சுப் பாத்தேன், கொப்புளம் வந்துருச்சு. ஆனா அகச்சிவப்பு தெர்மாமீட்டர் துப்பாக்கியில அடிச்சா 46 டிகிரிதான் காட்டுது. மத்த முனையெல்லாம் 38, 40.

பி.எம்.எஸ். திரையில மேடு ஏறும்போது மத்த செல்லெல்லாம் 3.04 பக்கம் நிக்க, ஏழாவது மட்டும் 2.79க்கு எறங்குது. வண்டியை நிறுத்தினா உடனே மத்ததோட சேந்துக்குது. சார்ஜ் போடும்போது தலைகீழ்: ஏழாவது மட்டும் மத்ததைவிட கொஞ்சம் மேல நிக்குது.

போல்ட்டை டார்க் ரெஞ்ச் (வெச்ச அளவு முறுக்கு வந்ததும் கிளிக் ஆகற ஸ்பேனர்) வெச்சு ரெண்டு தடவை முடுக்கிட்டேன். செல்காரங்க தாள்ல இருக்கற 5 நியூட்டன் மீட்டர்லதான் கிளிக் ஆகுது. லூசு இல்ல. அப்ப செல்லே உள்ளுக்குள்ள கெட்டுப்போச்சா? புதுச் செல் சொல்லி வைக்கலாமான்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி உங்க யோசனை வேணும்.

#2 · வைண்டிங்_கடை · ஞாயிறு இரவு 9.50

அண்ணா, லோடுல ஒரு செல் மட்டும் கால் வோல்ட் எறங்குதுன்னா அது உள்தடை, அதாவது செல்லுக்குள்ள இருக்கற மின்தடை, ஏறின செல். மாத்திருங்க. போல்ட் சரியா முடுக்கியிருக்குன்னு நீங்களே சொல்றீங்க. இதுக்கு மேல யோசிக்க என்ன இருக்கு?

#3 · மின்னியல்_ஆசிரியை · ஞாயிறு இரவு 10.25

புதுச் செல் வாங்குவதைத் தயவுசெய்து இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள். வண்டியை ஓட்டுவதையும் இன்றே நிறுத்துங்கள். மூடி உருகும் அளவுக்குச் சூடு என்றால், அந்தச் சூடு அலுமினிய முனை வழியாக நேராகச் செல்லுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. முனையைச் சுற்றி உள்ளே பிளாஸ்டிக் அடைப்பு வளையம் இருக்கிறது. அது கெட்டால் எலக்ட்ரோலைட் கசியும்.

நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறேன். மாணவர்களிடம் முதலில் சொல்வதை உங்களிடமும் சொல்கிறேன். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி, இடுப்புச் சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் பானெட்டைத் திறக்க வேண்டும். ஸ்பேனரின் பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், வாய் மட்டும் தெரியட்டும். முன்பெட்டிக்கும் பின்பெட்டிக்கும் நடுவில் போகும் கேபிளை முதலில் கழற்றினால், 24 செல்லும் சேர்ந்த 77 வோல்ட் இரண்டு 38 ஆகப் பிரிந்துவிடும். செல்லுக்கு ஸ்விட்ச் கிடையாது, எப்போதும் உயிரோடு இருக்கும். டி.சி. தீப்பொறி வீட்டு மின்சாரம் மாதிரி நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டு அணைவதில்லை, இழுத்துக்கொண்டே எரியும். முனையில் இனி விரல் வைக்காதீர்கள்.

இரண்டு கேள்விகள். (அ) ஏழாவது செல்லின் நெகட்டிவ் முனை சூடாகிறதா? செல்லின் உடம்பு சூடாகிறதா? (ஆ) செல் வோல்ட்டைப் படிக்கும் பி.எம்.எஸ். உணர்கம்பி எங்கே மாட்டியிருக்கிறது: செல் முனையிலா, பஸ்பாரின் மேலா?

#4 · தோப்பு800 · திங்கள் காலை 6.40

டீச்சர், ரொம்ப நன்றிங்க. வண்டியை நிறுத்திட்டேன், காய் ஏத்த மாட்டுவண்டி சொல்லிட்டேன்.

(அ) நெகட்டிவ் முனை மத்ததைப் போலத்தான், லேசான சூடு. செல் உடம்புல பாசிட்டிவ் பக்கத்து மேல்மூலை மட்டும் சூடு, அடியில ஒண்ணுமில்ல. (ஆ) உணர்கம்பியோட வளைய லக் (கம்பி நுனியில மாட்டற துளை போட்ட உலோகத் துண்டு), பஸ்பாருக்கு மேல, போல்ட் தலைக்குக் கீழ. எல்லாச் செல்லுக்கும் அப்படித்தான்.

#5 · வடமராட்சி_மின் · திங்கள் காலை 7.15

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணத்திலே இருந்து எழுதுறன், இங்க சூரியத்தகடு, பற்றரி வேலை செய்யிறனான். அந்த 46ஐ நம்பாதேங்கோ. பளபளப்பான தாமிரமும் அலுமினியமும் வெப்பக் கதிரைச் சரியா வெளிவிடாது, சுத்தியிருக்கிற சாமான்களின்ரை கதிரைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பும். துவக்கு மாதிரி இருக்கிற அந்த மீட்டர் அதைத்தான் வாசிக்குது. பஸ்பாரிலை ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் ரேப் ஒட்டி, ரேப்பிலை அடிச்சுப் பாருங்கோ. எல்லா முனைக்கும் ஒரே அளவு ரேப் ஒட்டினால்தான் ஒண்டோட ஒண்டை ஒப்பிடலாம். ரேப்பின்ரை சூடுதான் உண்மையான சூடு.

#6 · ஹார்பர்_பேட்டரி · திங்கள் மதியம் 1.30

தம்பி, நான் தூத்துக்குடி. துறைமுகத்துல ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி பாக்கிறேன், 27 வருசம் ஆச்சு. ஈய பேட்டரி, இப்போ கொஞ்ச நாளா லித்தியமும். ஒரு முனை மட்டும் சூடு, எதிர் முனை சூடில்ல, உடம்பும் மேல்மூலை மட்டும்தான் சூடுன்னு நீங்க சொன்னதுமே எனக்குச் செல் மேல சந்தேகம் போயிட்டு. செல் உள்ளுக்குள்ள கெட்டா உடம்பு முழுக்கக் காயும், ரெண்டு முனையும் காயும். இது சூடு வெளிய பிறந்து உள்ள போற கேசு.

ஆனா சந்தேகத்தை வச்சு ஸ்பேனரைத் தூக்காதீங்க. மொதல்ல அளந்துருங்க. கழத்திட்டா ஆதாரம் போயிரும், திரும்ப மாட்டும்போது தானா சரியானாலும் ஏன் சரியாச்சுன்னு தெரியாது, ஆறு மாசத்துல திரும்ப வரும்.

மல்டிமீட்டர்ல ஓம் வச்சு இதைப் பிடிக்க முடியாது. நாம தேடுறது ஒரு மில்லி ஓம், அரை மில்லி ஓம். மீட்டர் வயருக்கே 200 மில்லி ஓம் இருக்கும். அதனால ஓட்டத்தை ஓடவிட்டு வோல்ட்டை அளக்கணும். வண்டியை ஓட்டிக்கிட்டே அளக்கிறது ஆபத்து, தேவையுமில்ல. உங்க சார்ஜர் எத்தனை ஆம்பியர்? சார்ஜர் பாதி சார்ஜ்ல ஒரே சீரான ஓட்டத்தைக் குடுக்கும். வண்டி அசையாது, மோட்டார் சுத்தாது, நீங்க நிதானமா ஒவ்வொரு இணைப்பா அளக்கலாம். இதுக்கு மேல ஒரு சோதனைக் கருவி வேண்டாம்.

பேட்டரி பாதி காலியா இருக்கும்போது சார்ஜ் போடுங்க. மீட்டரை 200 மில்லிவோல்ட் டி.சி.ல வைங்க. ஒரு ஊசி செல் முனையோட அலுமினியத்துல. கவனம், போல்ட் தலையில இல்ல, பஸ்பாருக்குக் கீழ ஓரத்துல தெரியுதே அந்த அலுமினியத்துல. இன்னொரு ஊசி பஸ்பார்ல, முனைக்குப் பக்கத்துல. வர்ற மில்லிவோல்ட்டை எழுதுங்க. அப்புறம் பஸ்பாரோட ரெண்டு நுனி. அப்புறம் பஸ்பார்ல இருந்து அடுத்த முனை. இப்படி 24 செல்லும். கேபிள் லக்குன்னா லக்குல ஒரு ஊசி, கம்பி இழையில ஒரு ஊசி. மொத்தம் 70, 80 அளவு வரும். ஒண்ணையும் விடாதீங்க. கெட்ட இணைப்புன்னு நினைக்கிறதை மட்டும் அளந்தா அது கெட்டதான்னு சொல்ல ஒப்பீடு இருக்காது.

ஊசி வழுக்கி 3.3 வோல்ட் பட்டா மீட்டர் அளவு மீறிட்டுன்னு காட்டும், அவ்வளவுதான். பதறி கையை இழுத்து வேற இடத்துல முட்டிராதீங்க.

#7 · மின்னியல்_ஆசிரியை · திங்கள் மாலை 5.05

ஐயா சொன்னதை அப்படியே செய்யுங்கள். மேட்டில் வோல்ட் ஏன் குறைவாகத் தெரிகிறது என்பதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நல்ல செல்கள் குப்பைக்குப் போகின்றன.

உங்கள் உணர்கம்பி பஸ்பாருக்கு மேலே இருக்கிறது. ஆகவே பி.எம்.எஸ். படிப்பது செல் வோல்ட் மட்டுமல்ல; முனைக்கும் பஸ்பாருக்கும் நடுவில் இழக்கப்படும் வோல்ட்டையும் சேர்த்துத்தான். ஓட்டும்போது அந்த இழப்பு கழிகிறது, செல் பலவீனமாகத் தெரியும். சார்ஜில் ஓட்டம் திரும்புவதால் அதே இழப்பு கூடுகிறது, செல் நிரம்பியதாகத் தெரியும். ஓட்டம் நின்றால் இழப்பு சுழி, செல் மற்றவற்றோடு சேர்ந்துகொள்ளும். உங்கள் முதல் பதிவில் இந்த மூன்று அறிகுறியும் இருக்கின்றன.

உள்தடை ஏறிய செல்லும் இதே மூன்றையும் காட்டக்கூடும். அதனால்தான் மில்லிவோல்ட் அளவு வேண்டும். அது இரண்டையும் பிரித்துவிடும்.

#8 · தோப்பு800 · செவ்வாய் இரவு 8.30

அளந்துட்டேனுங்க. சார்ஜர் 25 ஆம்பியர், கிளாம்ப் மீட்டர்லயும் 25தான் வந்துச்சு. மச்சான் நோட்டுல எழுத, நான் ஊசி வெக்க, ரெண்டரை மணி நேரம்.

முனைக்கும் பஸ்பாருக்கும் நடுவில பெரும்பாலும் 0.9ல இருந்து 1.6 மில்லிவோல்ட் வரைக்கும். நாலஞ்சு எடத்துல 2. ஏழாவது பாசிட்டிவ்ல மட்டும் 31. மூணு தடவை வெச்சுப் பாத்தேன். 31, 30, 31.

தேடாத ஒண்ணும் மாட்டுச்சு. முன்பெட்டியில இருந்து பின்பெட்டிக்குப் போற கேபிள், பின்பக்க லக்குல கம்பிக்கும் லக்குக்கும் நடுவில 6.5. அதே கேபிளோட முன்பக்க லக்குல 0.8தான்.

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னபடி டேப் ஒட்டினேன். வண்டி ஓட்ட மாட்டேன்னு சொல்லியிருந்தேன், ஆனா சூட்டைப் பாக்கறதுக்காக இன்னைக்குச் சாயங்காலம் ஒரே ஒரு நடை களம் வரைக்கும் வெறும் வண்டியா போயி வந்தேன், மச்சான் தீயணைப்பானோட கூடவே. டேப் மேல 91 டிகிரி. டேப் இல்லாத எடத்துல அதே பஸ்பார் 44. என் விரல்தான் நெசம் சொல்லியிருக்கு.

#9 · மின்னியல்_ஆசிரியை · செவ்வாய் இரவு 8.55

31 மில்லிவோல்ட்டை 25 ஆம்பியரால் வகுத்தால் 1.24 மில்லி ஓம். மேட்டில் 200 ஆம்பியர் போகும்போது அந்த இடத்தில் 0.248 வோல்ட் இழப்பு. உங்கள் பி.எம்.எஸ். காட்டிய வித்தியாசம் 3.04 கழித்தல் 2.79, அதாவது 0.25. முழுக்க அந்த இணைப்பிலேயே கணக்கு தீர்ந்துவிட்டது. செல் பங்குக்கு மிச்சமே இல்லை. உங்கள் செல் நன்றாக இருக்கிறது.

சூட்டையும் பாருங்கள். சூடு, ஓட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வருவது. 200 ஆம்பியரில் கிட்டத்தட்ட 50 வாட். ஒரு சால்டரிங் அயர்னை உங்கள் செல் முனையில் கட்டிவைத்து ஓட்டியிருக்கிறீர்கள். பக்கத்து நல்ல இணைப்பில் அதே ஓட்டத்துக்கு 2 வாட்தான். வர்க்கம் என்பதால்தான் சமதரையில் 60 ஆம்பியரில் ஓட்டும்போது வாசம் வராமல் மேட்டில் மட்டும் வந்திருக்கிறது.

#10 · வைண்டிங்_கடை · செவ்வாய் இரவு 9.20

நான் சொன்னது தப்புங்கண்ணா, செல்லை மாத்தச் சொன்னதுக்கு வருத்தப்படறேன். இந்தக் கணக்கு எனக்கும் புதுசு, நாளைக்கே கடையில இருக்கற யு.பி.எஸ். பேட்டரி வரிசையில இப்படி அளந்து பாக்கப் போறேன்.

அந்தக் கேபிள் லக்குக்கு ஒரு வழி சொல்றேன். ஈயம் காய்ச்சி லக்குக்குள்ள ஊத்தி, கம்பியை முக்கி எடுத்துட்டா இழைக்கு இழை பிடிச்சுக்கும். மோட்டார் லீடு வயர்ல நாங்க அப்படித்தான் செய்வோம்.

#11 · ஹார்பர்_பேட்டரி · செவ்வாய் இரவு 10.10

வைண்டிங் தம்பி, தப்பை ஒத்துக்கிறது பெரிய மனசு. ஆனா லக்குல சால்டர் வேண்டாம். ரெண்டு காரணம். நாம சாதாரணமா வாங்குற 60க்கு 40 சால்டர் 183 டிகிரியில இளக ஆரம்பிக்கும். ஏற்கனவே சூடாகுற இடத்துல அதை நம்பி நிக்க முடியாது. இன்னொண்ணு, சால்டர் இழை வழியா மேல ஏறி கம்பியைக் குச்சி மாதிரி ஆக்கிரும். வண்டி அதிர அதிர அந்தக் குச்சி முடியிற இடத்துல இழை ஒவ்வொண்ணா ஒடியும். நிலையா நிக்கிற மோட்டாருக்குச் சரி, குலுங்குற வண்டிக்கு ஆகாது. அறுகோண டை (அச்சு) போட்ட ஹைட்ராலிக் கிரிம்ப்தான், அதாவது லக்கைக் கம்பி மேல நெரிச்சு அமுக்குறது. கம்பிக்கும் லக்குக்கும் ஒரே சைசு, டையும் அதே சைசு.

தோப்புத் தம்பி, அந்த 6.5 வந்த லக்கை எதால அடிச்சீங்க?

இப்போ ஏழாவதுக்கு வாறேன். இன்னும் கழத்தலையே? நல்லது. கழத்துறதுக்கு முன்னாடி நல்ல வெளிச்சத்துல பாத்துச் சொல்லுங்க. பஸ்பாருக்கும் முனைக்கும் நடுவுல வாஷர் எதுவும் மாட்டியிருக்கா? ஸ்டெயின்லெஸ் வாஷர் அங்க போயிட்டா பெரிய வினை, தாமிரத்தை விட 40 மடங்கு தடை. அது இல்லைன்னா, மத்த போல்ட்டுல ஸ்பிரிங் வாஷர் (ஒரு இடத்துல வெட்டி முறுக்கின வளையம்) எப்படி இருக்கு, ஏழாவதுல எப்படி இருக்கு? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பாருங்க.

#12 · தோப்பு800 · புதன் காலை 7.20

அண்ணா, அந்தப் பின்பக்க லக்கை வைஸ்ல வெச்சு உளியும் சுத்தியலும் போட்டு அடிச்சது. முன்பக்கத்தை மட்டும் பொள்ளாச்சியில ஒரு எலக்ட்ரிக்கல் கடையில ஹைட்ராலிக்ல அடிச்சுக்கிட்டேன். வித்தியாசம் நோட்டுலயே தெரியுது.

கீழ வாஷர் எதுவும் இல்லீங்க. ஆனா ஸ்பிரிங் வாஷர்... டார்ச் அடிச்சுப் பாத்தப்ப எனக்கே உடம்பு சில்லிட்டுப்போச்சு. மத்த 47 போல்ட்டுலயும் வாஷர் தட்டையா அமுங்கி, வெட்டுவாய் ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்கு. ஏழாவது பாசிட்டிவ்ல மட்டும் வாய் தெறந்து நிக்குது. தட்டையாகவே இல்ல. ஆனா டார்க் ரெஞ்ச் 5ல கிளிக் ஆகுது! கையில ஆட்டினா பஸ்பார் ஆடவும் இல்ல. இது எப்படிங்க?

#13 · ஹார்பர்_பேட்டரி · புதன் காலை 7.45

பிடிச்சாச்சு தம்பி. அந்த போல்ட்டு நீளம். மரைக்குழி அடியில முட்டி நிக்குது.

டார்க் ரெஞ்சு போல்ட்டு எவ்வளவு கஷ்டப்பட்டுச் சுத்துதுன்னு மட்டும்தான் சொல்லும். அந்தக் கஷ்டம் பஸ்பாரை அமுக்குறதால வருதா, குழியோட அடியில முட்டுறதால வருதான்னு அதுக்குத் தெரியாது. உங்களுக்கு வந்தது ரெண்டாவது. பஸ்பாரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது அரைகுறையா அமுங்கின ஸ்பிரிங் வாஷர் மட்டும்தான். கையில ஆட்டினா ஆடாது, 200 ஆம்பியர் கேட்டா குடுக்காது.

இனி ஒரு திருகு கூட முடுக்காதீங்க. அலுமினிய மரை இளசு, பிடுங்கிட்டு வந்துரும். அப்புறம் செல் நல்லா இருந்தும் பிரயோசனமில்ல. போன மாசம் ஏதோ மாத்தினேன்னீங்களே, அப்போ போல்ட்டு மாறிச்சா?

#14 · லேத்_மச்சான் · புதன் காலை 8.10

வணக்கமுங்க, நான்தான் அந்த மச்சான், இதுக்குன்னே கணக்கு ஆரம்பிச்சேன். பி.எம்.எஸ். மாத்தும்போது ஒரு போல்ட் கையிலிருந்து நழுவி ரேடியேட்டர் இருந்த பள்ளத்துல விழுந்து கெடைக்கல. நான்தான் என் பட்டறை டப்பாவுல இருந்து ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். எம்6, மரை ஒண்ணேதான். நீளத்தைப் பாக்கல. இன்னைக்கு மத்தியானம் வெர்னியரோட போறேன்.

#15 · தோப்பு800 · புதன் இரவு 9.45

கழட்டியாச்சுங்க. முதல்ல நடுக் கேபிள், அப்புறம் இது. மோதிரம் வீட்டுல.

மச்சான் வெர்னியர் கணக்கு: மத்த போல்ட்டெல்லாம் 12 மில்லிமீட்டர். இது 16. மரைக்குழி ஆழம் 9.7. பஸ்பார் 2, உணர்கம்பி வளையம் 0.8, தட்டை வாஷர் 1.6, ஸ்பிரிங் வாஷர் அமுங்கினா 1.6. மொத்தம் 6. பதினாறுல ஆறு போனா பத்து உள்ள எறங்கணும், குழி 9.7தான். வெறும் 0.3 மில்லிமீட்டர் பத்தல. அந்த 0.3தான் மூணு வாரமா எனக்குத் தூக்கம் கெடுத்தது. போல்ட் நுனியிலயும் முட்டின தடம் பளிச்சுனு இருக்கு.

முனையோட மேல்பரப்பு பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. மத்தது வெள்ளையா இருக்க, இது சாம்பல் பூத்து, நடுவில சின்னச் சின்னப் புள்ளியா கருகியிருக்கு. பஸ்பார் அடியிலயும் அதே எடத்துல கருப்பு. இன்னொண்ணும் பாத்தேன்: துளை போட்டப்ப வந்த பிசிறை நான் சரியா எடுக்கல. துளை வாயில விரலை ஓட்டினா உறுத்துது.

ஹார்பர் அண்ணன் சொன்னதை மனசுல வெச்சு, ஒரே நேரத்துல எல்லாத்தையும் மாத்தல. ஒவ்வொண்ணா மாத்தி, ஒவ்வொண்ணுக்கும் 25 ஆம்பியர்ல அளந்தேன்.

12 மில்லிமீட்டர் போல்ட் மட்டும் மாத்தினப்ப: 31ல இருந்து 4.4.

பஸ்பார் பிசிறை அரத்தால எடுத்து, கண்ணாடித் துண்டு மேல எமரி பேப்பர் விரிச்சு மட்டமாத் தேய்ச்சப்ப: 2.7.

முனையை ஸ்காட்ச் பிரைட் வெச்சுத் தேய்ச்சு, உடனே அலுமினிய இணைப்புப் பசை தடவி மாட்டினப்ப: 1.3.

பின்பக்க லக்கை வெட்டிட்டு ஹைட்ராலிக்ல புதுசா அடிச்சது: 6.5ல இருந்து 0.7.

இந்த நோட்டை எடுத்து மறுபடி மறுபடி பாத்துட்டே இருக்கேனுங்க. செல் வாங்கியிருந்தா, அதே 16 போல்ட்டைப் புதுச் செல்லுலயும் மாட்டியிருப்பேன். அதையும் கெடுத்திருப்பேன்.

#16 · மின்னியல்_ஆசிரியை · புதன் இரவு 10.15

மிக அருமையான வேலை. படிப்படியாக அளந்ததால் எந்தக் குறை எவ்வளவு தின்றது என்று தனித்தனியாகத் தெரிந்துவிட்டது. அனுமதி தந்தால் இந்த நான்கு எண்களையும் வகுப்பில் காட்ட ஆசை.

அலுமினியத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், மற்றவர்களும் படிப்பதால். கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகள் உண்மையில் சில மேட்டுப் புள்ளிகளில்தான் தொட்டுக்கொள்கின்றன. அழுத்தம் கூடக்கூட அந்தப் புள்ளிகள் நசுங்கிப் பெருகும். அழுத்தம் குறைந்தால் ஓட்டம் முழுவதும் நாலைந்து புள்ளிகள் வழியாக நெருக்கியடித்துப் போகும். நீங்கள் பார்த்த கருகல் புள்ளிகள் அவைதான். அலுமினியத்தைத் தேய்த்த மறுகணமே காற்று பட்டு ஆக்சைடு படலம் பிடிக்கத் தொடங்கிவிடும், அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் தேய்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. பசையைத் தடவி, பசையோடு சேர்த்துத் தேய்த்து, உடனே மாட்ட வேண்டும்.

வெறும் தாமிரம் அலுமினியத்தின் மேல் உட்கார்ந்தால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். தோப்புக் காற்றில் ஈரம் அதிகம். வசதிப்படும்போது பஸ்பார்களுக்கு வெள்ளீயம் பூசிவிடுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது மாதிரிதான், ஆனால் மின்பூச்சாக, மெல்லிசாகவும் சமமாகவும்.

#17 · ஆம்னி48 · வியாழன் மாலை 6.30

இந்த இழையை ரெண்டு தடவை படிச்சேன். எங்கிட்ட பழைய ஆம்னி, 48 வோல்ட், ஈய ஆசிட் பேட்டரி எட்டு, ஆறு வோல்ட் ஒவ்வொண்ணும். எங்க ஊர் பள்ளி மைதானத்துல தண்ணி கேன் எடுத்துப்போக. எனக்கும் ஒரு முனை அடிக்கடி லூசாகுது, முடுக்கி முடுக்கி அலுத்துட்டேன். இதே மாதிரி அளக்கலாமா? வாஸ்லின் தடவினா சரியாகும்னு ஒருத்தர் சொன்னார்.

#18 · ஹார்பர்_பேட்டரி · வியாழன் இரவு 8.00

அளக்கிற முறை அதேதான். ஆனா ஈயம் வேற சாதி தம்பி. ஈய முனை மெழுகு மாதிரி, அழுத்தி வச்ச இடத்துல மெல்ல மெல்ல வழிஞ்சு குடுத்துக்கிட்டே இருக்கும். காலையில முடுக்கினது சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒரு வாரத்துல தளர்ந்துரும். அதனால லூசாகுது. அதுக்காக இன்னும் பலமா முடுக்குனா இன்னும் வழியும், கடைசில முனையே நசுங்கும். மட்டா முடுக்கி, ரெண்டு நாள் ஓட்டி, ஒரு தடவை திரும்பப் பாத்து, அப்புறம் மாசம் ஒரு தடவை. ஈயத்தோட தடை தாமிரத்தை விட 12 மடங்கு பக்கம், அதனால முனைக்கும் லக்குக்கும் தொடுபரப்பு முழுசா இருக்கணும்.

வாஸ்லின் நல்லதுதான், ஆனா எப்போ? சுத்தம் பண்ணி, வெறும் உலோகத்தோட உலோகமா முடுக்கி முடிச்ச பிறகு, வெளிய தடவணும். ஆசிட் ஆவி படாம காக்கும். கெட்ட இணைப்பு மேல வாஸ்லின் பூசினா கெட்ட இணைப்பு பளபளன்னு இருக்கும், அவ்வளவுதான். பச்சையும் வெள்ளையுமா பூத்திருந்தா சமையல் சோடா கரைச்ச தண்ணி ஊத்திக் கழுவுங்க, மூடி இறுக்கமா இருக்கட்டும், உள்ள ஒரு சொட்டு இறங்கக் கூடாது.

ஒண்ணு முக்கியம். ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். நீங்க அளக்கிறதும் சார்ஜ்லதான். கதவெல்லாம் திறந்து வச்சு, சார்ஜ் ஆரம்பத்துல, பொங்குறதுக்கு முன்னாடி அளந்து முடிச்சிருங்க. ஓடுற சார்ஜ்ல முனையைக் கழத்தக் கூடாது, ஒரு பொறி போதும். ஒரு தடவை என் கூட வேலை பாத்தவர் முகத்துல ஆசிட் தெறிச்சதை நான் பாத்திருக்கேன். கண்ணாடி போடாம குனியாதீங்க.

#19 · ரோட்டுக்கு_வருமா · வெள்ளி காலை 9.00

நல்ல இழை. தோப்பு800, இதை ரோட்டுக்குக் கொண்டுவர வழி இருக்கா?

#20 · தோப்பு800 · வெள்ளி காலை 9.40

இப்படியே முடியாதுங்க. நம்ம நாட்டுல ஏ.ஐ.எஸ். 123ங்கற, வண்டியை மின்சாரத்துக்கு மாத்தற கிட்டுக்கான விதிப்படி சோதிச்சு ஒப்புதல் வாங்கின கிட்டை, அதுக்கு அங்கீகாரம் உள்ளவங்க மாட்டி, ஆர்.சி.யில எரிபொருள் மாத்தினாத்தான் ரோடு. நான் வீட்டுல கட்டினது அதுல வராது. இந்தப் போல்ட் கதையைப் பாத்தப்புறம், சோதனை வேணும்கறது எனக்கு நியாயமாவே படுது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க நடக்கற ரோட்டுல 91 டிகிரி முனையோட நான் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்.

#21 · தோப்பு800 · ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு காலை 11.20

எல்லாருக்கும் திரும்ப வணக்கமுங்க. மழை ஓய்ஞ்சதும் ஒரு மாசமா தெனமும் ஆறேழு நடை, முழு லோடு. நேத்து திரும்ப எல்லா எடத்துலயும் அளந்தோம். ஏழாவது பாசிட்டிவ் 1.3ல இருந்து 1.4. மேட்டுக்கு மேல போயி நிறுத்தின உடனே டேப்புல 43 டிகிரி, மத்ததும் 41, 42. பி.எம்.எஸ்.ல ஏழாவது எதுன்னு தேடணும், மத்ததோட கலந்து நிக்குது.

48 போல்ட்டையும் வெளிய எடுத்து, ஒவ்வொண்ணையும் வெர்னியர்ல வெச்சு, வாஷரோட கூட்டிக் கழிச்சுத்தான் மாட்டினேன். இனி எந்தப் போல்ட்டும் டப்பாவுல இருந்து நேரா செல்லுக்குப் போகாது. ஸ்பிரிங் வாஷருக்குப் பதிலா கிண்ணம் மாதிரி குவிஞ்ச டிஸ்க் வாஷர் போட்டிருக்கேன். தாமிரம், அலுமினியம், இரும்பு மூணும் சூட்டுல வேற வேற அளவு விரியுது, இது கூடவே விரிஞ்சு அழுத்தத்தைப் பிடிச்சுக்குது. பஸ்பாரெல்லாம் கோயம்புத்தூர்ல பிளேட்டிங் கடையில வெள்ளீயம் பூசி வந்தாச்சு.

ஏழாவது செல்லைத் தனியாக் கழட்டி, முழுசா நிரப்பி, 20 ஆம்பியர்ல காலி பண்ணிப் பாத்தேன். 4 மணி 55 நிமிஷம் நின்னுச்சு. 98 ஆம்பியர் ஹவர். டீச்சர், நீங்க அன்னைக்கு ராத்திரி பத்தரைக்கு எழுதலைன்னா அந்தச் செல் இன்னைக்குக் காயலான் கடையில கெடந்திருக்கும்.

#22 · ஆம்னி48 · ஞாயிறு மதியம் 12.05

அண்ணா, ஹார்பர் ஐயா, நானும் இன்னைக்குத்தான் அளக்க உக்காந்தேன். சார்ஜர் 15 ஆம்பியர். எல்லாம் 2, 3 மில்லிவோல்ட். லூசாகுற முனையில 3தான் வருது. ஆனா நான் சந்தேகமே படாத மூணாவது பேட்டரி நெகட்டிவ்ல 38 காட்டுது. வெளிய பாத்தா பளபளன்னு புதுசு மாதிரி இருக்கு. கழட்டலாமா?

#23 · ஹார்பர்_பேட்டரி · ஞாயிறு மதியம் 12.20

கழட்டாதீங்க. சார்ஜரை நிப்பாட்டுங்க, கதவைத் திறந்து வச்சு அரை மணி நேரம் காத்தாட விடுங்க. மோதிரம் கழத்தியாச்சா? அதுவரைக்கும் அந்த முனையை நாலு பக்கமும் போட்டோ எடுத்துப் போடுங்க, வாஷர் தெரியணும்.